பால் இறங்காத நேரம்

சிறுத்தைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருப்பவர்களும் பேசுவார்கள். தலைக்குள் பட்டாணியளவு சுரப்பி ஒன்றில் அக்கா இருந்தாள். சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போலக் கவிந்த சுரப்பியில் தம்பி இருந்தான். கைகால் இல்லாத இருவருக்கும் ரத்தம்தான் வழி. அக்கா அதில் ஒரு துளி விட்டால் மார்பில் பால் இறங்கும். தம்பி விட்டால் நெஞ்சு படபடக்கும். கால் ஓட்டம் பிடிக்கும். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட்டதில்லை.

ஒருநாள் தும்பை என்பவள் மூன்று மாதப் பிள்ளையோடு மலையில் கிழங்கு தோண்டப் போனாள். சிறுத்தை பின்தொடர்ந்தது. அவள் ஓடிப்போய் ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கினாள். அங்கே இடுக்குகள் பல. சிறுத்தை ஒவ்வொன்றாக மோந்துகொண்டு வந்தது.

“என்ன தாயி, பால் மணக்கிறது! பந்தி போட்டுவிட்டு என்னைக் கூப்பிடாமல் இருக்கலாமா?”

பிள்ளை முனகியது. தும்பை அதை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

“பிள்ளை கேட்கிறது. பாலை இறக்கப் போகிறேன்,” என்றாள் அக்கா.

“வேண்டாம் அக்கா! ஒரு சொட்டு பாறையில் விழுந்தால் போதும், மோப்பம் பிடித்துவிடும்.”

“பசித்தால் கத்துமே. அப்போது மட்டும் கண்டுபிடிக்காதா?”

“வெறும் மார்பைச் சப்பட்டும். கொஞ்ச நேரம்தான்.”

“உனக்கு ஓடத்தான் தெரியும். பெற்றவள் வயிறு தெரியுமா உனக்கு?”

அக்கா துளியை விட்டாள். தம்பி முந்திக்கொண்டான். தன்னிடம் இருந்ததையெல்லாம் ரத்தத்தில் கொட்டி, அவள் வழியை அடைத்தான். மார்பு கல்லாய் இறுகியது. பிள்ளை சப்பியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி சப்பியது. தும்பை சத்தமில்லாமல் அழுதாள்.

இடுக்கின் வாயில் ஈரமூக்கு தெரிந்தது. இழுத்து மோந்தது. பழைய மணம், காய்ந்த மணம்.

“எங்கேயோ போய்விட்டாள்,” என்று முணுமுணுத்தபடி சிறுத்தை மலையிறங்கியது.

“அது போய்விட்டது. வழியை விடடா,” என்றாள் அக்கா.

“போய்விட்டதா? எனக்குக் கண் ஏது அக்கா? இதோ, சருகு சரசரக்கிறதே.”

“அது காற்று.”

“எனக்கு இரண்டும் ஒன்றுதான்.”

தும்பையின் தங்கை தேடிவந்து, இடுக்குக்குள் நுழைந்து, அவள் முதுகில் கைவைத்து உட்காரும்வரை தம்பி அசையவில்லை. அதன்பிறகே பால் இறங்கியது.

அன்று தொட்டுத்தான், மிரண்ட தாய்க்கு மார்பு நிறைந்திருந்தாலும் பால் சட்டென்று இறங்குவதில்லை. ஓங்கிச் சாத்திய கதவும், கடிந்த ஒரு சொல்லும்கூடத் தம்பிக்குச் சிறுத்தைதான். சுற்றி நிற்பவர்களோ, “வீட்டுக்குள் என்ன புலியா வந்துவிட்டது?” என்று அவளையே கேட்கிறார்கள்.