சும்மா இருக்க மூன்று கொட்டேஷன்

2023 ஜூன் 5, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, புதூர்க்காடு முட்டை உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சர்வர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சர்வருக்கும் தனக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்லிக்கொள்ளக் கூடியவர் அவர்களில் ஆபரேட்டர் மயில்சாமி ஒருவர்தான். மற்ற மூவரும் அங்கே இருந்ததற்குக் காரணம், சங்கத்துக் கட்டடத்தில் ஏ.சி. இருப்பது அந்த அறையில் மட்டும்தான்.

செயலாளர் பொங்கியண்ணனுக்கு அன்று ஏ.சி.யிலும் வியர்த்தது. மாவட்ட ஒன்றியத்திலிருந்து ஹெலன் மேடம் அப்போதுதான் போனில் பேசி முடித்திருந்தார்.

எந்தப் பண்ணையிலிருந்து எத்தனை முட்டை வந்தது, எந்த லாரியில் ஏறியது என்பதெல்லாம் அந்த அறையிலிருந்த சர்வருக்குத்தான் தெரியும். கரண்ட் போனால் சர்வரும் போய்விடும். திரும்பி வர அதற்கே மனசு வர வேண்டும். அதுவரை பில் போட முடியாமல் லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். கோழிகளுக்கு இது தெரியாது. அவை பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டிருக்கும்.

ஒன்றியம் சொன்னது இதுதான். புதூர்க்காடு சங்கமும் பக்கத்து ஊர் கருக்கம்பாளையம் சங்கமும் பழைய சர்வரைக் கைவிட்டு க்ளவுடுக்கு மாறலாம். செலவை ஒன்றியம் ஏற்கும். ஆனால் ஏன் மாற வேண்டும், மாறினால் என்ன லாபம் என்று ஓர் அறிக்கை எழுதி ஜூன் 30 மாலை ஐந்து மணிக்குள் தர வேண்டும். தராத சங்கம், தந்த சங்கத்தோடு இணைக்கப்படும்.

க்ளவுட் என்றால் வானத்தில் மிதப்பது என்று அந்த நால்வரில் யாரும் நினைக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில் யாரோ பெரிய கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, நம் கணக்கை அதில் வைப்பது என்று சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். அந்த அளவுக்கு அவர்கள் முட்டாள்கள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

பொங்கியண்ணனின் கவலை வேறு. கருக்கம்பாளையம் சங்கத்தின் செயலாளர் அத்தப்பன், அவருடைய மனைவியின் அண்ணன். எந்த விசேஷத்திலும் தனக்கு இலை போட்ட பிறகுதான் பொங்கியண்ணனுக்குப் போட வேண்டும் என்று நினைப்பவர். சங்கம் இணைந்தால் அவர் மேலதிகாரி, இவர் கீழே.

"அந்த ஆளுகிட்ட லீவு கேட்டு நிக்கறதுக்கு, பண்ணைக் கூண்டுக்குள்ள போயி கோழிகூட உக்காந்துக்குவேன்" என்றார் பொங்கியண்ணன்.

"கூண்டுல எடம் இருக்குங்களா?" என்று மயில்சாமி அக்கறையாக விசாரித்தார்.

தலைவர் குப்பணக் கவுண்டர் தொண்டையைச் செருமினார். "மேடம் என்ன சொன்னாங்கன்னு மொதல்ல சொல்லுங்க. சொன்னதைச் சொன்னபடி செஞ்சா ஒரு கொறையும் வராது."

பொங்கியண்ணன் சொன்னார். கண்ணால் பார்க்காத எதையும் அறிக்கையில் எழுதக் கூடாது. என்னென்ன வழி இருக்கிறதோ எல்லாவற்றையும் எழுத வேண்டும். மாறாமல் இப்படியே சும்மா இருப்பதும் ஒரு வழிதான், அதையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஆகக் குறைந்ததைச் சிபாரிசு செய்ய வேண்டும்.

"இவ்வளவு தெளிவா யாரு சொல்லுவாங்க?" என்றார் கணக்கர் சரசாத்தாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் வேலை, கரண்ட் போனால் சர்வர் நின்றுவிடுகிறது என்று எழுதுவது. மயில்சாமி எழுதப்போனபோது தலைவர் தடுத்தார். கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஆகவே நால்வரும் சர்வருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கரண்ட் போகக் காத்திருந்தார்கள்.

அந்த வாரம் கரண்ட் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. புதூர்க்காட்டில் அப்படி நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

"பிளக்கைப் புடுங்கிப் பாத்துரலாமுங்களா?" என்றார் மயில்சாமி.

"அது கரண்ட் போனதாகாதுங்க. நீங்க புடுங்குனதாகும்" என்றார் சரசாத்தாள். "அப்பறம் 'மயில்சாமி இருந்தா சர்வர் நின்னுரும்'னுதான் எழுதோணும்."

மயில்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தலைவரே மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், தங்கள் தெருவுக்கு அரைமணி நேரம் மின்வெட்டு வேண்டும் என்று மனுக் கொடுத்தார். லைன்மேன் அதை இரண்டு முறை படித்தார்.

"ஏனுங்க தலைவரே, கரண்ட் வேணும்னு கேட்டா நாங்க குடுக்கறதில்லைன்னு, இப்ப தலைகீழாக் கேட்டுப் பாக்கறீங்களா?"

"இல்லீங்க. நெசமாத்தான் கேக்கறோம்."

"மேலே அனுப்பறேன். வர்றப்போ வரும்."

இதற்கிடையில் க்ளவுடுக்கான மூன்று கொட்டேஷன்கள் சுலபமாக வந்துவிட்டன. ஒரு கம்பெனிக்காரர் மட்டும் போனில், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டார். நாலு பேர், ஆனால் உருப்படியான நாற்காலி ஒன்றுதான் என்று பொங்கியண்ணன் உண்மையைச் சொன்னார்.

சிக்கல் வந்தது கடைசி வழியில்தான்.

"சும்மா இருக்கறதுக்கு யாருகிட்டங்க கொட்டேஷன் கேக்கறது?" என்றார் மயில்சாமி.

"யாரு அந்த வேலை பண்றாங்களோ அவிககிட்டத்தான்" என்றார் தலைவர்.

"நாமளே இருந்துக்கலாமே தலைவரே?"

"நம்ம சங்கத்து வேலைக்கு நாமளே கொட்டேஷன் போட்டா ஆடிட்ல மாட்டிக்குவோம். வெளியாளுதான் வேணும்."

அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள்: 'சங்க அலுவலகத்தில் ஓராண்டு சும்மா இருக்க விலைப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன. வேலை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்தரை வரை. முன் அனுபவம் விரும்பத்தக்கது.'

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பில் கலெக்டர் ரங்கண்ணன். அவர் கேட்ட தொகை கொஞ்சம் அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருக்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்று கீழே குறித்திருந்தார். அடுத்து வந்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினால் ஆறே மாதத்தில் முடித்துத் தருவதாக எழுதியிருந்தார்கள்.

மூன்றாவது கொட்டேஷனைப் பிரித்துப் பார்த்த பொங்கியண்ணனின் முகம் மாறியது. அனுப்பியவர் அத்தப்பன். வருடத்துக்கு ஒரு ரூபாய்.

அத்தப்பனின் கணக்கு வேறு. புதூர்க்காட்டுக்காரர்களின் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்து, அதைவிட நல்லதாக ஒன்றைத் தன் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு இதைவிட நல்ல வழி அவருக்குத் தோன்றவில்லை. கருக்கம்பாளையத்தில் இவர்தான் புத்திசாலி என்று பெயர்.

"இந்த ஆளை உள்ள உட்டா நம்ம குடி முழுகிப் போயிருமுங்க" என்றார் பொங்கியண்ணன்.

"கொறைஞ்ச கொட்டேஷன் அவருதுதான்" என்றார் தலைவர். "நாம என்ன பண்ண முடியும்?"

சும்மா இருப்பதையும் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பதால், உடனே ஒப்பந்தம் போட்டார்கள். ஜூன் 19 காலை பத்து மணிக்கு அத்தப்பன் சலவைச் சட்டையோடு வந்து சர்வர் அறையில் உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, அறிக்கையெல்லாம் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று ஆரம்பித்தார்.

சரசாத்தாள் நிமிர்ந்தார். "ஏனுங்ணா, விசாரிக்கறது வேலைங்களா இல்லீங்களா?"

அத்தப்பன் யோசித்துப் பார்த்து, வேலைதான் என்று ஒப்புக்கொண்டு பேசாமலிருந்தார். சற்று நேரம் கழித்து, மயில்சாமியின் மேசைமேல் இருந்த தாளை நோக்கிக் கழுத்தை நீட்டினார்.

"படிக்கறதும் வேலைதானுங்க" என்றார் சரசாத்தாள். "எதுக்கும் கண்ணை மூடிக்குங்க."

டீ வந்தபோது பெரிய விவாதம் நடந்தது. குடிப்பது வேலை என்றார் தலைவர். யாராவது ஊற்றிவிட்டால் அது ஊற்றுகிறவரின் வேலை என்றார் மயில்சாமி. விழுங்குவது யார் வேலை என்று கேட்டார் சரசாத்தாள். அதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறின டீயை என்ன செய்வது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, மயில்சாமி குடித்தார்.

அத்தப்பனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கருக்கம்பாளையத்தில் சர்வர் நின்றுவிட்டது, லாரிகள் நிற்கின்றன, அறிக்கை எழுத ஆள் இல்லை. அவர் கண்ணை மூடியபடி அந்த மணியோசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பது வேலையா என்று யாராவது கிளப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

இந்த நாட்களில் மற்ற நால்வரும் வழக்கம்போல வேலை செய்தார்கள். பில் போட்டார்கள், லாரி அனுப்பினார்கள். ஆகவே பொங்கியண்ணன் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்: 'சும்மா இருக்கும் வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. இதனால் சங்கத்தின் பணிகள் எதுவும் பாதிக்கப்படவில்லை.'

ஜூன் 29 மதியம் அறிக்கை முழுவதையும் மயில்சாமி டைப் செய்து முடித்து, கடைசி முற்றுப்புள்ளியை வைக்க விரலைத் தூக்கினார். கரண்ட் போயிற்று.

நால்வரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னோட மனுவைப் பரிசீலிச்சுட்டாங்க அம்மிணி!" சர்வரின் பச்சை விளக்கு அணைந்ததை ஒவ்வொருவரும் கிட்டே போய்ப் பார்த்து உறுதி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் அறிக்கை அந்த சர்வருக்குள் இருந்தது என்பது பொங்கியண்ணனுக்கு உறைத்தது.

"போச்சு மச்சான்" என்று அவர் பழக்கதோஷத்தில் அத்தப்பனைப் பார்த்துச் சொன்னார். அத்தப்பனுக்கு உள்ளுக்குள் பொங்கிய சந்தோஷம் உதடுவரை வந்தது. சிரிப்பது வேலையா என்பது தெளிவாகாததால் அங்கேயே நின்றது.

மறுநாள் காலையில் பொங்கியண்ணனே உட்கார்ந்து கையால் எழுதினார். சர்வர் நின்றது, மின்வெட்டை நேரில் பார்த்தது, கொட்டேஷன்கள் எல்லாவற்றையும் எழுதி, விதிப்படி ஆகக் குறைந்ததைச் சிபாரிசு செய்தார். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க அவர் எழுந்தபோது, அத்தப்பனும் எழுந்தார்.

"நானும் எங்க ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். நாலு வரி எழுதிக் குடுக்கோணும்."

"அஞ்சரை ஆகலீங்களே" என்றார் சரசாத்தாள்.

"ஒரு நாள்தானே அம்மிணி!"

"எழுதறது வேலைங்க. போறதும் வேலைங்க" என்றார் தலைவர் வருத்தத்தோடு. "போறீங்கன்னா போங்க, தடுக்கலை. ஆனா சும்மா இருக்கறதுக்குக்கூட லாயக்கில்லைன்னு நாளைக்கு ஊருல பேசுவாங்க."

அத்தப்பன் மானஸ்தர். உட்கார்ந்துவிட்டார்.

ஹெலன் மேடம் அறிக்கையைப் பொங்கியண்ணனின் எதிரிலேயே படித்தார். படித்து முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"க்ளவுடுக்கு மாற வேண்டாம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம். கொட்டேஷன் அப்படி வந்துருச்சுங்க."

"மாறணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?"

"ரொம்ப ஆசைங்க மேடம். ஆனா ஆசையைக் கண்ணால பாக்க முடியறதில்லீங்களே, அதான் எழுதலை."

மேடம் மேசைமேல் இருந்த கோப்புகளைப் புரட்டினார். "கருக்கம்பாளையத்து அறிக்கை எங்கே? அத்தப்பன் ஏன் வரலை?"

"அவரு எங்க ஆபீஸ்ல சும்மா இருக்காருங்க. அஞ்சரைக்கு மேலதான் வர முடியும்."

ஒன்றியத்தின் உத்தரவை எடுத்துப் பார்த்தார்கள். குறித்த நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. அறிக்கை புரிய வேண்டும் என்று எங்கும் இல்லை. கருக்கம்பாளையம் சங்கம் புதூர்க்காடு சங்கத்தோடு இணைக்கப்பட்டது. சிபாரிசைக் கண்டுகொள்ளாமல் மேடமே க்ளவுடுக்கும் உத்தரவு போட்டார். பொங்கியண்ணன் இரண்டு ஊருக்கும் செயலாளரானார். அடுத்து வந்த காதுகுத்தில் அவருக்குத்தான் முதலில் இலை போட்டார்கள். அத்தப்பன் அன்றைக்கு விசேஷத்துக்கே வரவில்லை, வேலை நாள்.

செப்டம்பரில் கணக்கெல்லாம் க்ளவுடுக்குப் போய்ச் சேர்ந்தது. இனி சும்மா இருக்க ஆள் தேவையில்லை என்று ஒப்பந்தத்தை ரத்து செய்யப் பார்த்தார்கள். அதற்கு அத்தப்பன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுவது வேலை என்பதால் அவரால் போட முடியவில்லை. அவருடைய நேர்மையைத் தலைவர் கூட்டத்தில் பாராட்டிப் பேசினார்.

முன்பு ஒரு சங்கத்தில்தான் சும்மா இருந்தேன், இணைப்புக்குப் பிறகு இரண்டு சங்கத்து வேலையையும் ஒருவனாகச் செய்யாமலிருப்பது பெரும் பளுவாக இருக்கிறது என்று அத்தப்பன் தரப்பில் அவர் மனைவி கொடுத்த மனு நிர்வாகக் குழுவில் ஏற்கப்பட்டது. 2024 மார்ச் 18, திங்கட்கிழமை முதல் அவருக்கு ஓர் உதவியாளர் நியமிக்கப்பட்டார்.