கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு திருத்தம்

எங்கள் கொக்கரைப்பட்டிக் கல்லூரியில் ‘நுண்பொருள்’ என்று ஓர் ஆய்விதழ் வருகிறது. அதை நடத்துகிறவர்கள் நான்கு பேராசிரியர்கள். தலைமை ஆசிரியர் அறவாழி, துணைக்குக் கோதண்டம், சவரிமுத்து, இடும்பன். நல்லவர்கள். யாராவது ஒன்றைச் சொன்னால் சொன்னபடி செய்வார்கள். தொந்தரவே அங்கேதான்.

தை மாத இதழில் இடும்பன் ஒரு கட்டுரை எழுதினார். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பொன்னுருவியின் கிணற்றுத் தண்ணீரில் தலைப்பிரட்டை இருக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ‘நுண்பொருளை’ யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகும், அங்கிருந்து வடைக்கடைக்குப் போகும். அந்த மாதம் ஊரே வடை தின்றபடி இடும்பனின் கட்டுரையைப் படித்தது. பொன்னுருவியின் பெஞ்சு காலியாகிவிட்டது.

அவள் நேராக ஆசிரியர் குழு அறைக்கே வந்துவிட்டாள்.

“அய்யா, என் கெணத்துல தலைப்பிரட்டைன்னு எழுதிட்டீங்களாமே. ஒரு பய வரமாட்டேங்குறான். இப்படியே போனா சித்திரைக்குள்ள கடைய மூடிட்டுத் திருப்பூருக்குத்தான் வேலைக்குப் போகணும். கடைய விட்டா எனக்கு என்ன இருக்கு?” அவள் கண் கலங்கியது. அறவாழியும் கூடவே கலங்கினார். இரக்கத்தில் குறைவைக்கிற ஆட்கள் இல்லை அவர்கள்.

“இடும்பன், எப்படிச் சோதிச்சீங்க?”

இடும்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “இந்தம்மா கெணத்துல பாட்டில் நிறைய மொண்டேன் சார். பேர் எழுதி ஒட்டினேன். வர்ற வழியில தாகம். குடிச்சிட்டேன். வெறும் பாட்டிலோட வரக்கூடாதுன்னு கல்லூரித் தாமரைக் குளத்துல ரொப்பிக்கிட்டேன். ஒட்டின பேரை நான் மாத்தவே இல்ல சார்.”

“அப்ப கட்டுரை தப்புதானே?”

கோதண்டம் ஒத்துக்கொள்ளவில்லை. “எப்படி சார் தப்பாகும்? பாட்டில் உண்மை. தலைப்பிரட்டை உண்மை. கெணறு மட்டுந்தான் வேற. மூணுக்கு ரெண்டு. முதல் வகுப்புல பாஸ்!”

வெகுநேரம் விவாதித்துவிட்டு, சென்னையில் ஒரு பெரிய ஆய்விதழில் இருக்கும் நண்பருக்கு அறவாழி போன் போட்டார். அவர் அவசரத்தில் இருந்தார். மூன்றே விஷயம் சொன்னார். கட்டுரையைப் படித்த எல்லோருக்கும் தவறு தெரிய வேண்டும். யாருடைய கிணறு என்று தெரியாத இரண்டு பேர் மறுபடி சோதிக்க வேண்டும். மூலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடக் கூடாது, பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முதல் வேலையாக ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினார்கள். புறப்படுகிற நேரத்தில் சவரிமுத்துவுக்கு ஒரு சந்தேகம்.

“சார், வடை சாப்பிடாதவன் கட்டுரையைப் படிச்சிருக்க மாட்டான். அவன்கிட்டப் போய்த் ‘தப்பு, தப்பு’ன்னா, எது தப்புன்னு அவனுக்கு எப்படிப் புரியும்?”

“நியாயம்” என்றார் அறவாழி. “முதல்ல கட்டுரையை முழுசா வாசிப்போம். அப்புறம் மறுப்பு.”

கட்டுரை நீளமானது. முன்னுரை, ஆய்வு முறை, அட்டவணை, நன்றியுரை என்று சவரிமுத்து ஒன்று விடாமல் கணீரென்று வாசித்துக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்து, “ஆனால், பெரியோர்களே...” என்று ஆரம்பித்தபோது பேட்டரி தீர்ந்துவிட்டது. மறுநாள் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனார்கள். அங்கேயும் “ஆனால்” வரைக்கும் பேட்டரி நன்றாகவே வேலை செய்தது.

வடையே தின்னாத ஊர்களுக்கெல்லாம் இப்போது தலைப்பிரட்டை தெரிந்துவிட்டது. பேருந்தில் வந்து இறங்கி டீ குடிக்கிற வெளியூர்க்காரர்களும் நின்றுபோனார்கள். பால்காரர்கூட வரவில்லை. தன்னுடைய தண்ணீரோடு அவள் தண்ணீர் கலந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

அடுத்தது மறுசோதனை. யாருடைய கிணறு என்று சோதிக்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது அல்லவா? கோதண்டத்துக்கும் சவரிமுத்துவுக்கும் கல்லூரி வாசலிலேயே துண்டால் கண்ணைக் கட்டினார்கள்.

“கையைப் பிடிச்சு நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் இடும்பன்.

“கூடாது! நீங்க கட்டுரை எழுதினவர். தெரிஞ்சவங்க யார் கூட்டிட்டுப் போனாலும் அவங்களுக்கும் தெரிஞ்சுபோகும்” என்றார் அறவாழி. ஆகவே யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாசலை விட்டு இறங்கினால் சரிவு. சரிவு முடிந்தால் தாமரைக் குளம்.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். சவரிமுத்துவின் சட்டைப் பையில் ஒரு தலைப்பிரட்டை துள்ளிக்கொண்டிருந்தது.

“கட்டுரை நூத்துக்கு நூறு சரி சார்! தண்ணி இடுப்பளவு நின்னுச்சு.”

“டீக்கடையில இடுப்பளவு தண்ணியா?”

“மழை பேஞ்சிருக்கும் சார்” என்றார் கோதண்டம். காதில் தாமரை இலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஆக, மறுப்பு வேண்டியதில்லை, கட்டுரை உறுதியாகிவிட்டது என்று தீர்மானம் போட்டார்கள். சேதி பொன்னுருவிக்குப் போனது. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு டம்ளர், முகத்தில் அனல். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“இப்பத்தான் எறைச்ச தண்ணி. குடிங்க. நாலு பேரும் குடிங்க. இதுல ஒரு தலைப்பிரட்டை காட்டிட்டீங்கன்னா இன்னிக்கே கடைய மூடிடறேன். இல்லேன்னா நீங்க இந்த ஆபீசை மூடுங்க!”

குடித்தார்கள். குடம் தீரும்வரை குடித்தார்கள். ஒன்றும் இல்லை. தண்ணீர் கல்கண்டாக இனித்தது.

“அங்க பார்த்தா இருக்கு. இங்க பார்த்தா இல்ல. ரெண்டுமே நாமதான் சோதிச்சோம்” என்றார் கோதண்டம் கவலையாக. “இதழ் மானம் என்னாகிறது?”

அறவாழி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். முகம் மலர்ந்தது.

“கட்டுரை வந்தது எப்போ?”

“தை மாசம் சார்.”

“இப்போ?”

“பங்குனி.”

“தலைப்பிரட்டை இதுவரைக்கும் அப்படியேவா இருக்கும்?”

மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னுருவி குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் திருத்தம் வெளிவந்தது: ‘தை மாத இதழில், பொன்னுருவி அவர்களின் கிணற்றில் தலைப்பிரட்டை என்று வந்திருப்பதைத் தவளை என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.’

இதழ் வழக்கம்போல் வடைக்கடைக்குப் போனது. எங்கள் ஊரும் லேசுப்பட்ட ஊர் இல்லை. திருத்தத்தைப் படித்ததும் கூட்டமாகப் போய்ப் பொன்னுருவியின் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். தவளையைக் காணோம். தவளை என்றால் குதிக்கும், குதித்து வெளியே போயிருக்கும், ஆகவே தண்ணீர் சுத்தம் என்று ஒருமனதாக முடிவு செய்து, அங்கேயே உட்கார்ந்து டீ சொன்னார்கள். பெஞ்சு நிறைந்தது. பால்காரரும் வந்தார். பொன்னுருவி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அழுதாள், சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானும் இரண்டு டீ குடித்தேன்.

ஆசிரியர் குழுவுக்கு மட்டும் வேலை முடியவில்லை. சென்னை நண்பர் சொன்ன மூன்றாவது விஷயம் பாக்கி. மூலம் பத்திரமாக இருக்க வேண்டுமே!

“மூலம்னா, இடும்பன் முதல்ல மொண்ட தண்ணிதானே?” என்று கேட்டார் அறவாழி. “அது எங்க?”

இடும்பன் மெல்லத் தன் வயிற்றைப் பார்த்தார். மற்ற மூவரும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது.

“வளர்ந்துட்டுது” என்றார் சவரிமுத்து பயபக்தியோடு.

அன்றிலிருந்து இடும்பன் ஓடுவதில்லை, குனிவதில்லை, கொட்டாவி விட்டால் வாயைக் கையால் பொத்திக்கொள்கிறார். தினமும் காலையில் மற்ற மூவரும் அவரைக் கைத்தாங்கலாகப் பொன்னுருவி கடைக்கு அழைத்து வந்து, பெஞ்சில் பதமாக உட்கார வைக்கிறார்கள். அறவாழிதான் டீ சொல்வார்.

“அம்மா, மூணு டீ சூடா. இவருக்கு மட்டும் நல்லா ஆத்திக் குடும்மா. உள்ள இருக்கறதுக்குச் சூடு ஆகாது.”