திவான் மாட்டிய இரட்டைக் குழாய்

"கேட்டும் கேட்காத மாதிரிப் போறவரே! மடையை அடைச்சுப்புட்டு மீசையை முறுக்கிட்டு நிக்கிறீரே! என் கொடிக்கால் காயுது, உமக்கு நெஞ்சு உறுத்தலையா?"

வெற்றிலைக் கொடி பயிரிடும் ஒச்சம்மா தொண்டை கிழியக் கத்தினாள். ராஜாவின் பக்கத்தில் நின்ற திவானைத்தான் திட்டினாள், ஆனால் பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பிரயோசனமில்லை. முன்னால் போன ராஜாவின் பிக்கப் வண்டி அந்த நேரம் பார்த்து ஒரு உறுமல் உறுமியது. ஓட்டுக்கூரையில் இருந்த காக்கைகள் எல்லாம் பக்கத்துச் சமஸ்தானத்துக்குக் குடி போய்விட்டன.

வெங்கலக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் ராஜா வடிவழகேந்திரன் பிக்கப்பின் பின்தொட்டியில் நின்றபடி நகர்வலம் வருவார். குறை உள்ளவர்கள் வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே சொல்ல வேண்டும். ராஜா தலையசைத்தால் கேட்டது கிடைத்தது. கூடவே நடக்கும் எழுத்தர் அதை ஏட்டில் ஏற்றிவிடுவார். காதால் கேட்டுக் கொடுத்து ஏட்டில் ஏறியதை ராஜாவே நினைத்தாலும் அழிக்க முடியாது.

இந்த வழக்கம் திவான் ரத்னசபாபதிக்கு முள்ளாகக் குத்தியது. வாய்க்கால் தண்ணீரை மறித்துத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட்டிருந்தார் மனுஷன். ராஜா காதில் விழுந்தால் பதவி போகும். ஆகவே ஒரு நாள் குழைந்தார்.

"மகாராஜா, சிங்கத்துக்கு ஒற்றைத் தொண்டை போதுமா?"

புகழ்ச்சி என்றால் ராஜாவுக்குப் பாயசம். உடனே வேலை ஆரம்பமானது. வண்டியின் ஒற்றைப் புகைக்குழாயை அறுத்தார்கள். கவட்டை மாதிரி இரண்டாகப் பிரித்து வெல்டிங் வைத்தார்கள். பின்கதவுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக நீட்டி, முனையில் நிக்கல் பூசினார்கள். சத்தத்தை அடக்கும் டப்பாவை மட்டும், 'பாரம்' என்று சொல்லி திவானே கழற்றி எறியச் சொன்னார்.

அப்புறம் ராஜா பக்கத்திலேயே ஏறி நின்றுகொண்டார். "எனக்குப் பாம்புக் காது, மகாராஜா. ஜனங்கள் சொல்வதை நான் எடுத்துச் சொல்கிறேன்." யார் அழுதாலும், "இது பழைய குடும்பச் சண்டை, திரும்ப வேண்டாம்" என்பார். யார் சிரித்தாலும், "வாழ்த்துகிறார்கள், தலையசையுங்கள்" என்பார். மூன்று வெள்ளி இப்படியே போயிற்று. "என் நாட்டில் குறையே இல்லை!" என்று ராஜா பூரித்துப் போனார்.

மூன்றாம் வெள்ளியன்று கத்தி ஓய்ந்த ஒச்சம்மா நேரே அரண்மனைக் கொள்முதல்காரன் காளத்தியிடம் வந்தாள். காளத்தி தெருத்தெருவாகப் பழைய இரும்பு வாங்கி, பேரம் பேசியே சபைவரை ஏறி வந்தவன். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"காளத்தி அண்ணே, அந்தச் சனியன் பிடிச்ச குழாயைப் பேரம் பேசி வாங்கினது நீங்கதானே? இன்னும் எட்டு நாள் தண்ணி வராட்டி என் கொடி அத்தனையும் கருகிரும். அப்புறம் நான் எதைப் பறிச்சுப் பிழைக்க?"

காளத்திக்குச் சுருக்கென்றது. பாதி விலைக்கு முடித்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் அவன்தான். குழாயைக் குறை சொன்னால் ராஜாவுக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டால் கொடிக்கால் போகும். பல்லைக் கடித்தான்.

"வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இரு ஆத்தா. நான் சிரிச்சுக் காட்டுறேன்."

அந்த வெள்ளிக்கிழமை காளத்தி மாலை போட்டுக்கொண்டு வந்தான். எழுத்தரை உரசிக்கொண்டு, அவர் காதுக்கு நேராக வாயை வைத்துக்கொண்டு, கும்பிட்ட கையோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரியப் பேசிக்கொண்டே நடந்தான்.

"என்னய்யா சொல்கிறான்?" என்றார் ராஜா, திவான் காதோடு வாய் வைத்து.

"நீடூழி வாழ்க என்கிறான். அசையுங்கள்!"

ராஜா அசைத்தார். ஒன்றல்ல, மூன்று முறை.

மாலையில் சபை கூடியது. எழுத்தர் எழுந்து, ஏட்டைப் பிரித்துப் படித்தார்.

"காளத்தி கேட்டு மகாராஜா அருளியவை. ஒன்று, திவானின் மாடிவீடு இன்று முதல் ஊர் எருமைகளுக்குத் தொழுவம். இரண்டு, திவானின் மீசையில் வலது பாதி சிரைக்கப்படும். மூன்று, பட்டத்து யானையின் சாணியைத் தினமும் திவானே அள்ளுவார்."

"நானா கொடுத்தேன்?" ராஜா அதிர்ந்தார்.

"தலையசைத்தீர்கள், மகாராஜா," என்றான் காளத்தி. "அசைக்கச் சொன்னது திவான். தன் வீட்டைத் தானே எருமைக்குக் கொடுத்த வள்ளலை நான் கண்டதே இல்லை. அல்லது..." திவான் பக்கம் திரும்பினான். "ஐயா, உமக்கு நான் சொன்னது கேட்கவில்லையோ?"

திவான் மாட்டிக்கொண்டார். கேட்டது என்றால் மீசை போகும். கேட்கவில்லை என்றால் மானம் போகும். கை தானாக மீசைக்குப் போயிற்று.

"கேட்கவில்லை மகாராஜா! அந்த நாசமாய்ப் போன குழாய்ச் சத்தத்தில் எனக்கு ஒரு எழவும் கேட்கவில்லை!"

"அப்படியானால் இத்தனை வாரமாக என் காதில் ஓதியது என்ன?"

ராஜா சிம்மாசனம் ஆடச் சிரித்தார்.

"கேட்காமல் கொடுத்த வரம் செல்லாது. வீடும் சாணியும் ரத்து. மீசை மட்டும் ரத்தில்லை. அது காதில் விழுந்திருந்தாலும் கொடுத்திருப்பேன்! குழாயை அறுங்கள். இத்தனை வாரக் குறையையும் நாளைக்கே கேட்கிறேன். காளத்தி, உனக்கு என்ன வேண்டும்?"

"அறுத்த குழாயைக் கொடுங்கள். எடைக்குப் போட்டால் நல்ல விலை வரும்."

மறுநாள் பழைய ஒற்றைக் குழாயோடும் சத்தம் அடக்கும் டப்பாவோடும் வண்டி பூனை மாதிரி வந்தது. அரை மீசைத் திவான் ராஜாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். ஒச்சம்மா கத்தவே இல்லை. வண்டியைத் தொட்டபடி நடந்து, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். ராஜா தலையசைத்தார். பேனா ஓடியது. அவள் கையில் இருந்த மண்வெட்டியைத் தொட்டிக்குள் நீட்டினாள்.

"ஒளிஞ்சது போதும், இறங்கும் ஐயா! ஆள் அனுப்புறேன், நாளைக்குப் பார்க்கிறேன்னு சொன்னா நான் விடமாட்டேன். இதைப் பிடியும். வந்து உம்ம கையாலே மடையைத் திறந்துவிடும்!"