நாரத்தை இலையில் வெள்ளிக்கோடு

"நான் ஊருக்கே போயிடுறேம்மா," என்றார் நல்லபெருமாள்.

மங்கையம்மை மோர் கடைந்துகொண்டிருந்தாள். அவருக்கு மகள் வயதுதான். ஆனாலும் அந்த மடத்தில் அவள்தான் குரு.

"என்னாச்சுய்யா?"

"ஞானம் தேடிக் கடையை மூடிட்டு வந்தேன். செக்குமாடு மாதிரி சுத்துன இடத்தையே சுத்துறேன். இத்தனை வருசமும் வீணாப் போச்சும்மா."

சொல்லும்போதே குரல் உடைந்தது. பாவம், அழக்கூடாது என்றுதான் வந்திருந்தார்.

"சரி. இலை பறிச்சிட்டு வாங்க."

அது மடத்து வழக்கம். இருப்பவர்களுக்கு வெறும் மோர். விடைபெறுகிறவருக்கு மட்டும் நாரத்தைக் கொழுந்து கிள்ளிப் போட்ட மோர். இலையைப் போகிறவரே பறித்து வர வேண்டும்.

மரத்தடியில் காலை வெயில் தூங்கி வழிந்தது. கொழுந்து இலை எல்லாவற்றிலும் நத்தை போன தடம்போல வெள்ளிக்கோடு. தேடிச் சலித்து, ஒன்றைப் பறித்து வந்தார்.

"ஒண்ணுகூட உருப்படியில்லை. பூச்சி அரிச்சது."

"வெயில்ல பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே ஒரு பாதை தெரிந்தது. மயிரிழையாகத் தொடங்கி, வளைந்து, திரும்பி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிறுக்குப் புழு. ஒரு இலைக்குள்ளயே இந்த அலைச்சலா?"

"கோடு ஒரே அகலமா இருக்கா?"

"இல்ல. போகப்போக அகலமாகுது."

"ஏன்?"

"புழு தின்னுதின்னு வளந்திருக்கும்."

"தான் வளர்றது அந்தப் புழுவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

நல்லபெருமாள் கோட்டின் வழியே விரலை ஓட்டிப் பார்த்தார்.

பாதை இலையின் ஓரத்தில் முடிந்தது. அங்கே இலை மடிந்து சின்னக் கூடாக ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தின் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

மடிப்பு அசைந்தது.

எள்ளளவு வெள்ளை ஒன்று வெளியே வந்தது. அவருடைய கட்டைவிரல் நகத்தில் ஏறிச் சிறகை உலர்த்தியது. ஓர் அந்துப்பூச்சி.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். ஆனாலும் அது பறந்து வெயிலில் காணாமல் போயிற்று.

மங்கையம்மை மோர்ச் சொம்பை அவர்முன் வைத்தாள்.

"வீணான வழி எதுன்னு காட்டுங்கய்யா. அதைக் கிள்ளி எறிஞ்சிட்டு, மிச்ச இலையை மோர்ல போட்டுடலாம்."

அவர் மெல்லிய கோட்டில் நகத்தை வைத்தார். எடுத்தார். அடுத்த வளைவில் வைத்தார். அங்கிருந்தும் எடுத்தார். கண் நிறைந்து கோடு மங்கியது.

இலையைப் பத்திரமாக மடியில் செருகிக்கொண்டார்.

"வெறும் மோரே குடுங்கம்மா."