பாலத்தம்மா விரித்த பாய்

"அம்மா, மீனுக்குக் கெடுதல் செய்யுத ஆளா நான்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

பாலத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆற்றின் மரப்பாலத்தை ஒட்டிய குடிலில் இருக்கும் துறவி. அதனால் அந்தப் பெயர். வயது நாற்பது இருக்கும். சீடர் கோமதிநாயகத்துக்கோ அறுபத்தாறு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை அம்மா என்பார். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை.

"யாரு அப்படிச் சொன்னா, அண்ணாச்சி?"

"ஊரே சொல்லுது. கூழாங்கல் துறைய விடுதிக்காரனுக்குக் கொடுக்கப் போறேன்னு என் பெஞ்சாதி ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கா."

துறை கால் மைல் மேலே இருந்தது. கரை அவர் பெயரில் பட்டா. அங்கே ஆற்றின் குறுக்கே சுவர் எழுப்பி, தேங்கும் தண்ணீரில் படகு விட வேண்டும் என்பது விடுதிக் கம்பெனியின் ஆசை. கோமதிநாயகம் கையெழுத்துப் போடாமல் ஒரு கல்லைக்கூட நட முடியாது. கையெழுத்து வாங்க நாளைக் காலை ஜீப் வருகிறது.

அவர் மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்தார்.

"இங்க பாருங்கம்மா. சுவருக்குக் கீழ, நம்ம படித்துறை பக்கத்துல மீனுக்குத் தனித் தொட்டி. நானே வரைஞ்சது. நல்ல தண்ணி, நிழலுக்குக் கூரை, மூணு வேளை தீனி. வலையோட ஒருத்தன் கிட்ட வர முடியாது."

பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடும் தண்ணீரைக் கண்டால் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பார்க்கிற வியாதி அந்த உத்தியோகத்தில் வரும், ஓய்வு பெற்ற பிறகும் போகாது. மற்றபடி தங்கமான மனிதர். வெள்ளிக்கிழமைகளில் படித்துறைக் கெண்டைகளுக்குப் பொரி போடாமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

"மழை விழுந்தா கெண்டையெல்லாம் துறைக்கு ஏறுமே?" என்றாள்.

"முட்டை போடத்தானே ஏறுது? அதைத் தொட்டியிலயே போடட்டும். அலைச்சல் மிச்சம்லா?"

பாலத்தம்மா ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள்.

"உங்க மக செண்பகம் என்னைக்கு வாரா?"

"இன்னைக்கு ரெண்டு மணி பஸ்ஸுல வாராம்மா. வளைகாப்பு முடிஞ்சாச்சு. தலைப்பிரசவம்லா!" சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பஸ் குடில் இருக்கும் இக்கரையோடு நின்றுவிடும். அவர் வீடு அக்கரையில். மத்தியானம் மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தார். கை நிறைய வளையலோடு செண்பகம் பின்னால் மெல்ல நடந்து வந்தாள்.

பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு பாய் விரித்திருந்தது. அதன் நடுவே பாலத்தம்மா உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா."

"எதுக்கு அண்ணாச்சி? குடில்ல கட்டில் போட்டிருக்கேன். புதுப் பானையில தண்ணி வச்சிருக்கேன். மூணு வேளையும் நான் சமைச்சுத் தாரேன். நர்ஸம்மாவும் இக்கரையிலதான் இருக்கா. புள்ளைய இங்கயே பெத்துக்கிடட்டும்."

சிரிக்கிறாளோ என்று பார்த்தார். சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்கம்மா. வீடு அந்தா தெரியுது."

"தெரியுது."

"அவ அம்மை வாசல்லயே நிக்கா."

"நிக்கா. இங்க என்ன குறைச்சல்? அதைச் சொல்லுங்க."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சீடராக இருந்த ஒன்பது வருஷத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அன்றுதான்.

"குறைச்சல்னு யாரு சொன்னா? அது அவ பொறந்த வீடும்மா! பிள்ளைப்பேறுக்கு அங்க போகாம எங்க போவா?"

பாலத்தம்மா நகரவில்லை.

செண்பகம் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இங்கயும் எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா எனக்கு அங்கதான் போவணும்."

பாலத்தம்மா உடனே எழுந்தாள். முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "மனசுல வச்சுக்காத தாயி. போ," என்று பாயைச் சுருட்டினாள்.

பாலத்தின் நடுவில் செண்பகம் மூச்சு வாங்க நின்றாள். காலையில் மலையில் மழை. ஆற்றில் தண்ணீர் கூடியிருந்தது. கீழே முழ நீளக் கெண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் வயிறு கனத்தவை. வெள்ளிதோறும் அவர் கையால் பொரி தின்றவை.

"இந்த வருஷம் சீக்கிரமே ஏற ஆரம்பிச்சிட்டுப்பா," என்றாள் செண்பகம்.

கோமதிநாயகம் மகளை அவள் அம்மாவிடம் விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் பாலத்தைக் கடந்தார்.

குடிலில் பாலத்தம்மா கீரை கடைந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் கோவமா, அண்ணாச்சி?"

"அந்தப் பாயைக் கொஞ்சம் கொடுங்கம்மா," என்றார். "நாளைக் காலைல ஜீப் வாரதுக்கு முன்னால துறையில விரிக்கணும்."