பூதம் தொட்ட திராட்சை

முன்னொரு காலத்தில், கோடை வந்தால் திரும்பிப் போக மறந்துவிடும் ஒரு நாடு இருந்தது. அங்கே அக்கினிக்கண்டன் என்ற மந்திரவாதி, நாலுபேர் கைதட்டுவார்களே என்று நெருப்பை விழுங்கிக் காட்டினான். கைதட்டினார்கள். நெருப்புதான் வெளியே வரவில்லை.

அன்றுமுதல் அவனுக்குத் தீராத தாகம். நாளுக்கொருவர் நன்னாரி சர்பத் கொண்டுபோக வேண்டும். பனிமலையில் பனிக்கட்டி வெட்டி வந்து அதில் போடுவார்கள். அவன் கை பட்டதும் கட்டி கரையும். முதல் மடக்கு தித்திப்பு. இரண்டாம் மடக்கு சப்பு. மூன்றாம் மடக்கு வெறும் தண்ணீர்.

"தண்ணீர் கொடுத்தவனே, தண்ணீரில் கிட" என்பான். கொடுத்தவர் தவளையாகிக் குளத்தில் குதிப்பார்.

பழக்காரி அஞ்சுகத்தின் கணவன் மருதப்பனும் அப்படிக் குதித்தவன்தான். கரையில் நின்று, "என்னங்க" என்றாள். நூறு தவளைகளில் ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கட்டியைப் பெரிசா வெட்டச் சொன்னேனே, கேட்டீங்களா?"

தவளை தண்ணீருக்குள் மூழ்கப் பார்த்தது. முதுகு மூழ்கவில்லை. இன்னும் மூன்று நாளில் குளம் வற்றிவிடும்.

மூன்றாம் நாள் சர்பத் தன்னுடையது என்று மந்திரவாதியின் அரண்மனையில் சொல்லிவிட்டு, திராட்சைக் கூடையோடு அவள் மலையேறினாள். உச்சியில் பனிப்பூதம் உட்கார்ந்திருந்தது.

"கட்டிதானே? வெட்டிக்கொள். எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள்."

"வெறுங்கையோடு வரலாமா? திராட்சை கொண்டுவந்தேன், அண்ணா."

அதை யாரும் அண்ணா என்று அழைத்ததில்லை. ஆசையாக ஒரு கொத்தை வாங்கியது. விரல் பட்டதும் கொத்து கல்லாய் இறுகியது.

"பார்த்தாயா? என் கை பட்டால் எல்லாம் இப்படித்தான். ஆயிரம் வருஷமாய்ப் பழத்தின் ருசியே தெரியாது."

அஞ்சுகம் அதில் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். குளிர் மெல்ல மெல்ல இளகியது; பின்னாலேயே இனிப்பு வந்தது. தண்ணீராய்ப் போகவில்லை. அவள் கண் விரிந்தது.

"கை பட்டால்தானே வம்பு? வாயைத் திறங்க."

உறையாத பழம் ஒன்றைத் தன் கையால் ஊட்டினாள். பூதம் கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"இன்னொன்று" என்றது. பிறகு, "இன்னும் ஒன்று" என்றது. அப்புறம் அவள் கேட்டபடி, மிச்சக் கூடை முழுவதையும் தொட்டுக் கொடுத்தது.

உமிக்குள் புதைத்து இறக்கிவந்த பழங்களை, மூன்றாம் நாள் சர்பத்தில் போட்டு நீட்டினாள்.

"கட்டி எங்கே?"

"அது தண்ணீர்தானே, ஐயா. பழம் போட்டிருக்கிறேன்."

முதல் மடக்கு தித்திப்பு. இரண்டாம் மடக்கு தித்திப்பு. மூன்றாம் மடக்கும் தித்திப்பு. அடியில் கிடந்த திராட்சைகளை அவன் பேராசையோடு முழுசாய் விழுங்கினான். கரையாத குளிர் முதன்முறையாக வயிறுவரை போனது. உஸ்ஸென்று புகை வந்தது. நெருப்பு அணைந்தது, அதில் குடியிருந்த மந்திரமும் அணைந்தது.

"அப்பாடா" என்று சாதாரண மனிதனாய்த் தரையில் உட்கார்ந்தான்.

குளத்துச் சேற்றில் நூறு பேருக்கு மேல் எழுந்து நின்றார்கள். ஓடிவந்தவளிடம் மருதப்பன் சொன்ன முதல் வார்த்தை: "பெரிசாத்தான் வெட்டினேன்."

அவன் குரலில் கொஞ்சம் தவளை கடைசிவரை தங்கிவிட்டது. அதுபற்றி அவளுக்கு வருத்தமில்லை.

அந்த நாட்டில் இன்றும் கோடை திரும்பிப் போக மறக்கிறது. ஆனால் பனிமலைக்கு வருஷந்தோறும் இரண்டு கூடைகள் ஏறுகின்றன. ஒன்று பூதம் தொட. மற்றொன்று பூதத்துக்கு ஊட்ட.