மாஸ்டர் சுட்ட சீஸ் ஸ்கோன்

"என் கையில என்ன குத்தம்னு நீயே சொல்லு கண்ணு" என்று வந்து நின்றார் சவரிமுத்து.

தூக்குவாளியில் அவர் சுட்ட சீஸ் ஸ்கோன் ஆறு இருந்தன, டீயோடு பிட்டுத் தின்கிற சின்ன பன் மாதிரி. லீதியாள் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள். டொக் என்றது.

அவள் இடுப்பில் இருந்த பத்து மாதப் பிள்ளை சிரித்தது. சவரிமுத்து சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம் மேட்டுப்பாளையத்தில் பரோட்டா மாஸ்டர். அவர் வீசும் மாவுக்குப் பின்னால் நிற்கிறவர் முகம் தெரியும். குன்னூர் விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்த பிறகும் அவர் தட்டு திரும்பியதில்லை.

இந்த ஸ்கோன் மட்டும் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது.

சனிக்கிழமையும் திரும்பி வந்தால் பேக்கரியிலேயே வாங்கிக்கொள்வோம் என்று விடுதியம்மா சொன்னாராம். திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாராம்.

லீதியாளுக்கு அவர் வயதில் பாதிதான். ஆனால் அந்தப் பக்கம் ஸ்கோன் என்றால் எல்லோரும் அவள் வீட்டைத்தான் கை காட்டுவார்கள்.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அரை மணி நேரம் பிசைந்தது, அடித்தது, எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு இரண்டு மணி நேரம் ஊற வைத்தது, எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார்.

"இந்த மாவுக்கு என்னைப் போல உழைச்சவன் இருக்க மாட்டான்."

"தெரியுதுங்க மாஸ்டர்."

பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே அவள் ஒரு தட்டு சுட்டுக் காட்டினாள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, குளிர்ந்த வெண்ணெய், துருவிய சீஸ், பால். அவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"நீ ஒண்ணுமே பண்ணலையே."

"ஆமாங்க."

எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அங்கேயே வந்து பிசைந்தார். பிசையாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் தலையாட்டினார். தலை ஆடும்போதே கைகள் பிசைந்துகொண்டிருந்தன.

அன்றும் டொக்.

வெள்ளிக்கிழமை வந்தார். சீஸைத் துருவி, எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்தாள். ஓவனும் சூடாக இருந்தது. பிள்ளையைத் தூக்கி அவர் இடது கையில் கொடுத்தாள்.

"அப்ப மாவு?"

"அது வலது கைக்கு."

"ஒத்தைக் கையில எப்படி கண்ணு பிசையறது?"

"அதானே" என்றாள் லீதியாள். துணி காயப்போடக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்தார். பிள்ளை மீசையைப் பிடித்தது. சீஸைப் போட்டார். பால் ஊற்றினார். பிள்ளை பால் கிண்ணத்துக்குத் தாவியது. விட்டால் போதும் என்று மாவை ஒன்று கூட்டி, தட்டி, வட்டமாக வெட்டி, ஓவனுக்குள் தள்ளினார்.

உள்ளே போன மாவு புட்டுக்கு விரவியதுபோல் பொலபொலவென்று கிடந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"யாருகிட்டயும் சொல்லிராத" என்றார் பிள்ளையிடம்.

கால் மணி நேரத்தில் வாசனை கொல்லை வரைக்கும் போனது.

வெளியே எடுத்தார். ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு உயரம். பக்கவாட்டில் வெடித்து, பொன்னிறமாக நின்றன. ஒன்றைப் பிட்டார். கத்தி வேண்டியிருக்கவில்லை.

காலி வாளியோடு லீதியாள் உள்ளே வந்தாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை தட்டு திரும்பி வந்தது. துடைத்ததுபோல் காலியாக.

ஞாயிற்றுக்கிழமை விடுதியம்மாவே அடுப்படிக்கு வந்துவிட்டார். இன்னும் முப்பது வேண்டுமாம், எப்படிச் செய்கிறார் என்று பார்க்கவும் வேண்டுமாம்.

சவரிமுத்து நெஞ்சை நிமிர்த்தி, இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையால் மட்டும் மாவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கை ஏன் மாஸ்டர் சும்மா நிக்குது?"

"சும்மா இல்லீங்கம்மா. இதுல பாதி வேலை அதோடதுதான்."